அரபு வேரெழுத்துகள்: கணக்குப் போட்டுப் பொருள் சொல்லாதீர்கள்

அரபு படிக்க வருகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு மயக்கம் பிடித்துவிடும். காஃப், தா, பா என்று மூன்று எழுத்தைக் காட்டி, இதிலிருந்துதான் கதப (எழுதினான்), காதிப் (எழுதுபவர்), மக்தூப் (எழுதப்பட்டது), மக்தப் (அலுவலகம்), மக்தபா (நூலகம்), கிதாப் (நூல்) எல்லாம் வருகின்றன என்று சொன்னதும் கண் விரியும். மொழியே கைக்கு வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் செய்யும் தவறுகளைத்தான், எங்கள் மொழிபெயர்ப்பு மேசைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லாம் நானும் செய்து கடந்தவைதான். அதனால் பெரிதாகக் கோபம் வருவதில்லை, ஒன்றைத் தவிர.

வலமிருந்து இடமாகப் படிப்பது, புள்ளியை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். எழுத எழுத அவை தானாகச் சரியாகிவிடும்.

அமைப்பை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்கள். அவற்றுக்கு நடுவே எந்த உயிர் வரும், முன்னும் பின்னும் என்ன ஒட்டும் என்பதைச் சொல்வது வாய்பாடு, அரபியில் வஸ்ன். நம் யாப்பில் தேமா, புளிமா என்ற சொற்களே சீரின் அளவைக் காட்டுவது போல, அங்கே ஃபா, ஐன், லாம் என்ற மூன்றெழுத்தை வைத்து அளப்பார்கள். காதிப் என்பது ஃபாஇல். மக்தூப் என்பது மஃப்ஊல்.

வேரைத் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பது

நோட்டில் ‘காதிப்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். எந்தக் காதிப்? நடுவில் ‘தா’ இருந்தால் எழுத்தர். ‘தால்’ எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி இருந்தால் பொய்யர். தமிழில் இருவருக்கும் ஒரே முகம். ‘அமல்’ ஐனில் தொடங்கினால் செயல், ஹம்ஸாவில் தொடங்கினால் எதிர்பார்ப்பு. ‘அலீம்’ இன்னும் மோசம்: ஐன் என்றால் நன்கறிந்தவன், ஹம்ஸா என்றால் வேதனை தருவது. குர்ஆனில் இரண்டுமே அடிக்கடி வருகின்றன, ஒன்று இறைவனின் பண்பாக, மற்றது தண்டனையின் அடைமொழியாக.

1875-இல் தொடங்கப்பட்ட எகிப்திய நாளிதழின் பெயர் அல்-அஹ்ராம். “பத்திரிகைக்குப் போய் ஹராம் (விலக்கப்பட்டது) என்று ஏன் பெயர் வைத்தார்கள்?” என்று ஒரு மாணவர் உண்மையாகவே கேட்டார். அஹ்ராம் என்றால் பிரமிடுகள். அது அடித்தொண்டையிலிருந்து வரும் ஹா. ஹராம், இஹ்ராம், மக்காவின் ஹரம் எல்லாம் நடுத்தொண்டை ஹா. வேரே வேறு.

தமிழையே அரபு எழுத்தில் எழுதிய நம் பழைய அரபுத்தமிழில் இந்தத் தொல்லை இல்லை; அரபுச் சொல் தன் சொந்த எழுத்தோடு அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். நீங்களும் பொருளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வேரை மட்டும் அரபு எழுத்தில், மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

மீமை உரித்தால் வேர் கிடைத்துவிடும் என்று நம்புவது

மத்ரஸா (பள்ளி) என்ற சொல்லின் முன்னால் நிற்கும் மீமை, அதாவது ‘ம’ எழுத்தை, எடுத்தால் தால்-ரா-ஸீன், படிப்பது என்ற வேர் கிடைக்கிறது. உடனே எல்லா மீமையும் உரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மலிக் (அரசர்) என்ற சொல்லில் மீம் வேரின் எழுத்தே. முதீர் (மேலாளர்) என்பதில் மீமை உரித்தால் தால்-யா-ரா மிஞ்சும். அதை அகராதியில் தேடினால் முதீர் அகப்படாது. உண்மையான வேர் தால்-வாவ்-ரா, சுற்றுவது. வாவ் இங்கே யாவாக வேடம் போட்டிருக்கிறது.

இத்திஃபாக் (உடன்பாடு) என்பதன் வேர் வாவ்-ஃபா-காஃப். வாவ் பக்கத்துத் தாவில் கரைந்துவிட்டது. ஹிபா (நன்கொடை) என்பதில் வாவ் முழுதாகவே விழுந்துவிட்டது, வேர் வாவ்-ஹா-பா. தெருவுக்கு ஒரு முஸ்தஃபா இருக்கிறார், ஆனால் அந்தப் பெயரின் வேரில் தா கிடையாது. ஸாத்-ஃபா-வாவ், தூய்மை என்பதுதான் வேர். தா வாய்பாட்டிலிருந்து வந்தது, ஸாத் பக்கத்தில் நின்றதால் தடித்துப்போயிற்று.

எங்கள் மேசையில் அட்டை கிழிந்து கிடப்பது ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதி. (ஆமாம், ஆசிரியர் பெயரே வேர்தான். ஜெர்மானியர், முதல் பதிப்பு 1952.) அதில் சொற்கள் வேர் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். வேரைத் தப்பாகப் பிடித்தால் சொல் அந்தப் புத்தகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். லிஸானுல் அரப் என்ற பழைய அரபு அகராதியைத் திறந்தால் இன்னும் கஷ்டம், அது வேரின் கடைசி எழுத்தை வைத்துப் பிரிக்கப்பட்டது. சந்தேகம் வந்தால் பன்மையைச் சொல்லிப் பாருங்கள்: மீஸான் (தராசு), மவாஸீன். ஒளிந்திருந்த வாவ் வெளியே வந்துவிட்டதா? வினை என்றால் நிகழ்காலம்: கால (சொன்னான்), யகூலு (சொல்கிறான்).

வேரையும் வாய்பாட்டையும் கூட்டிப் பொருள் சொல்வது

இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். வேருக்கு ஒரு பொருள், வாய்பாட்டுக்கு ஒரு பொருள், கூட்டினால் சொல்லின் பொருள் என்று ஒரு சூத்திரம். பாடநூல்களும் இதற்குத் தூபம் போடுகின்றன. நடு எழுத்து இரட்டித்தால் ‘செய்விப்பது’, ஃபாஅல என்றால் ‘ஒருவரோடு ஒருவர்’, இஸ்தஃப்அல என்றால் ‘வேண்டுவது’ என்று அட்டவணை பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பயிற்சிக்கு வந்த ஒரு தம்பியிடம் ஓர் ஒப்பந்தம் போய்ச் சேர்ந்தது. வளைகுடாவில் கடை நடத்தும் ஒருவருக்கும், ஊரிலிருந்து பணம் போட்ட அவருடைய மச்சானுக்கும் இடையே எழுதியது. மச்சானுக்காக ஒரு தமிழ்ப்படி வேண்டும். தலைப்பு ‘அக்துல் முளாரபா’. தம்பி அகராதியைத் தொடவே இல்லை. வேர் ளாத்-ரா-பா, அடிப்பது. வாய்பாடு முஃபாஅலா, இருவர் ஒருவர்மேல் ஒருவர் செய்வது. ஆக, ‘அடிதடி தொடர்பான உடன்படிக்கை’! உள்ளே லாபம் என்று வந்ததை நஷ்டஈடாகவும், முதல் என்று வந்ததை வைப்புத் தொகையாகவும் அதற்கேற்ப வளைத்துவிட்டார். நான் அன்று விடுப்பு. படி அப்படியே ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் மச்சானிடமிருந்து ஃபோன்: “மாப்பிள்ளை யாரை அடிச்சாரு? போலீஸ் கேஸாயிடுச்சா?” மறுபடி எழுதி, முத்திரை வாங்கி, கூரியரில் அனுப்பிய செலவு அலுவலகத்தின் தலையில் விழுந்தது.

முளாரபா என்பது ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, வரும் லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளும் கூட்டு. உழைப்பவர் தவறு செய்யாத வரை, நஷ்டம் வந்தால் பணம் போனது முதலாளிக்கு, உழைப்பு போனது மற்றவருக்கு. இஸ்லாமிய வங்கிகளில் நாள்தோறும் புழங்கும் சொல். சரி, அடிக்கிற வேருக்கும் இதற்கும் என்ன உறவு? ‘ளரப ஃபில் அர்ள்’ என்றால் ஊர் ஊராகப் பயணம் போவது. பிழைப்புத் தேடிப் பயணம் போவதைக் குர்ஆனின் 73-ஆம் அத்தியாயம் இந்தத் தொடரால்தான் சொல்கிறது. முதலை வாங்கிக்கொண்டு வணிகத்துக்குப் புறப்படுகிறவரின் கூட்டுக்கு அதிலிருந்து பெயர் வந்தது என்று விளக்குவார்கள். தெரிந்த பிறகு பளிச்சென்று இருக்கிறது. தெரியாமல் ஊகித்து அங்கே போய்ச் சேர முடியுமா?

வேடிக்கை என்னவென்றால், தம்பி சொன்னது முழுக்க இல்லாத பொருளும் இல்லை. சவூதிச் செய்தியில் ‘முளாரபா ஜமாஇய்யா’ என்று வந்தால் அது கும்பல் அடிதடியேதான். பங்குச்சந்தைப் பக்கத்தில் வந்தால் ஊக வணிகம். அதே வேர், அதே வாய்பாடு, மூன்று இடத்தில் மூன்று பொருள்.

இந்த வேரின் மற்ற உறவினர்களையும் பாருங்கள். ளர்ப் என்றால் அடி, கணக்கில் பெருக்கல். ளரீபா வரி. மிள்ரப் டென்னிஸ் மட்டை. இள்திராப் கொந்தளிப்பு. ‘ளரப மஸலன்’ என்றால் உதாரணம் சொன்னான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. இள்ராப் வேலைநிறுத்தம். இதிலாவது ஆங்கில ‘ஸ்ட்ரைக்’ போல அடிதான் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கிடையாது. ‘அள்ரப அன்’ என்றால் ஒன்றிலிருந்து விலகிக்கொள்வது, அதிலிருந்துதான் வேலையிலிருந்து விலகி நிற்பது வந்தது.

வாய்பாட்டின் பக்கமும் இதே கதை. இஸ்தஃக்ஃபர என்றால் மன்னிப்பு வேண்டினான், அட்டவணை பொருந்துகிறது. இஸ்தஃமல என்றால் வேலையை வேண்டினானா? இல்லை, பயன்படுத்தினான். வளைகுடா மருத்துவமனை வாசலில் தொங்கும் ‘இஸ்திக்பால்’ பலகை யாரிடமும் எதையும் வேண்டவில்லை, அது வரவேற்பு மேசை. நடு எழுத்து இரட்டிக்கும் வாய்பாட்டில் வரும் ‘தக்தீப்’ என்பது பொய் சொல்ல வைப்பது அல்ல. ‘அது பொய்’ என்று மறுப்பது. அமைச்சகத்தின் மறுப்பு அறிக்கையை ‘பொய் சொல்ல வைத்தது’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வேர் ஒன்றாக இருப்பதாலேயே பொருளும் ஒரு குடும்பம் என்று நினைக்கக்கூடாது. ஷீன்-ஐன்-ரா என்ற ஒரே வேரின் கீழ் முடி, கவிதை, வாற்கோதுமை, உணர்வு நான்கும் கிடக்கின்றன. கவிதைக்கும் உணர்வுக்கும் உறவு சொல்லலாம். வாற்கோதுமையை அதில் இழுத்து மேடையில் தத்துவம் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன், கைதட்டலும் கிடைக்கிறது. இன்ஸான் (மனிதன்) என்ற சொல் மறதியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததா, பழகுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததா என்று பழைய இலக்கணிகளே பிரிந்து நின்றார்கள். நாம் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ‘மனிதன் என்றாலே மறப்பவன்’ என்று முடித்துவிடுகிறோம்.

என் மேசையில் விதி இது: முதலில் அகராதி, பிறகு அந்தச் சொல் வந்திருக்கும் வாக்கியம், அதற்கும் பிறகுதான் வேர். நினைவில் வைத்துக்கொள்ள வேர் ரொம்ப உதவும். ஊகிக்க உதவாது.

புதுச் சொல் அச்சடிப்பது

வேண்டாம். எல்லா வேரும் எல்லா வாய்பாட்டிலும் ஏறாது.

ஓர் உயிர்க்குறியை அலட்சியம் செய்வது

முர்ஸில் என்றால் அனுப்புபவர். ‘முர்ஸல் இலைஹி’ என்றால் பெறுநர். முஸ்தக்திம் பயன்படுத்துபவர், முஸ்தக்தம் ஊழியர். நடுவே ஓர் இகரமா அகரமா என்பதில்தான் செய்பவரும் செயப்படுபவரும் இடம் மாறுகிறார்கள். அச்சிட்ட தாளில் அந்தக் குறி பெரும்பாலும் இருக்காது. வாக்கியத்தை முழுதாகப் படித்த பிறகு வாயைத் திறங்கள்.

பன்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

கிதாப், குதுப். மக்தப், மகாதிப். காதிப், குத்தாப். சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

கடன் சொல்லுக்கு வேர் தேடுவது

ஃபிலிமுக்கு அஃப்லாம், பாங்குக்கு (வங்கி) புனூக் என்று பன்மை வரும். வாய்பாட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறதே, ஆதி அரபு வேர் எது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியவரை எனக்குத் தெரியும். வந்த சொல்லை அரபு தன் அச்சில் போட்டு அழுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். டெலிபோனையே தா-லாம்-ஃபா-நூன் என்று நான்கெழுத்து வேராக்கி, தல்ஃபன, யுதல்ஃபினு என்று வினையும் ஆக்கிவிட்டார்கள்.