ரோமானியர் சாப்பிடும் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி: முதன்முறை ஐரோப்பா செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஐரோப்பாவின் பெருநகரங்களில் சுமாரான சாப்பாட்டுக்கு அதிகப் பணம் கொடுத்துவிட்டு வருவது மிக எளிது. ரோமில் ட்ரெவி நீரூற்றைச் சுற்றியும், மாட்ரிட்டில் பிளாசா மயோர் சதுக்கத்திலும், பாரிஸில் நோத்ர் தாம் தேவாலயத்தின் அருகிலும், வாசலில் நின்று கூப்பிடும் பணியாளரும், பல மொழிகளில் அச்சிட்ட படப் பட்டியலும், நாள் முழுவதும் அணையாத அடுப்பும் கொண்ட கடைகளைப் பார்க்கலாம். மறுபடி வரவே போகாத வாடிக்கையாளரை நம்பி நடக்கும் வியாபாரம் அது. உள்ளூர்க்காரர் வாரந்தோறும் வந்து போகும் கடையோ, சமையல் ஒருமுறை சறுக்கினால் மறுவாரமே மேசை காலியாகும் என்ற பயத்தில் நடக்கிறது. இரண்டாவது வகைக் கடையைப் பிடிக்க, 'சிறந்த பத்து உணவகங்கள்' போன்ற பட்டியல்கள் அவ்வளவாக உதவுவதில்லை. அந்த ஊரார் எதை, எந்த மாதத்தில், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு புறப்பட்டால், கடை தானாக அகப்படும் என்பது என் கருத்து. ரோமை எடுத்துக்காட்டாக வைத்து அதற்கான வழியைக் கீழே தருகிறேன்; மற்ற நகரங்களில் எங்கே கணக்கு மாறுகிறது என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

படி 1: ஊரின் உணவுகளையும் பருவத்தையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

விமானச் சீட்டு எடுத்த கையோடு, அந்த நகரத்துக்கே உரிய ஐந்தாறு உணவுகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். 'இத்தாலிய உணவு' என்று பொதுவாகத் தேடுவதில் பயனில்லை, ஏனெனில் இத்தாலியில் சமையல் ஊருக்கு ஊர் மாறுகிறது. ரோமுக்கு உரியவை நான்கு பாஸ்டாக்கள்: பெக்கோரினோ பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேரும் காச்சோ எ பெப்பே, அதோடு குவாஞ்சாலே என்ற பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி சேர்ந்தால் க்ரீச்சா, மேலும் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா, தக்காளிக்குப் பதில் முட்டை சேர்ந்தால் கார்போனாரா. கார்போனாராவில் கிரீம் கிடையாது. பட்டியலில் கிரீம் என்று கண்டால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம். மிலானின் சிறப்பான குங்குமப்பூ ரிசோட்டோ என்ற அரிசி உணவு, போலோன்யாவின் இறைச்சிக் குழம்புப் பாஸ்டா, நேப்பிள்ஸ் பீட்சா ஆகிய மூன்றும் ரோமில் ஒரே அட்டையில் இருந்தால், அது ஊருக்காகச் சமைக்கும் அடுப்பு அல்ல.

அடுத்து பருவம். ரோமில் கார்ச்சோஃபி எனப்படும் ஆர்ட்டிசோக் மொட்டுக்குக் குளிர்காலத்தின் கடைசியும் வசந்தமும்தான் காலம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சந்தைகளில் குவிந்து கிடக்கும். ஆகஸ்டில் அதைச் சிறப்பு உணவாக எழுதி வைத்திருந்தால், உறைபெட்டியிலிருந்து வந்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். லிஸ்பனில் ஜூன் மாதம் மத்தி மீன் சுடும் காலம். புனித அந்தோணியார் விழாவையொட்டி 12ஆம் தேதி இரவு தெருவெங்கும் புகை மூட்டமாக இருக்கும். வியன்னாவில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளை ஆஸ்பரகஸ், நவம்பரில் புனித மார்ட்டின் நாளையொட்டி பெருவாத்து (கூஸ்). ரோமில் கிழமைக்கும் கணக்கு உண்டு: வியாழன் ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டை, வெள்ளி மீன், சனி மாட்டுக் குடல் என்ற பழைய வழக்கத்தை இன்றும் கைவிடாத கடைகள் இருக்கின்றன. வியாழக்கிழமை மட்டும் ஞோக்கி போடும் கடை என்று தெரிந்தால் நான் வேறு எதையும் விசாரிப்பதில்லை.

படி 2: நினைவுச்சின்னத்திலிருந்து இரண்டு நிலையம் தள்ளிப் போங்கள்

இதை உவமையாகச் சொல்லவில்லை. கொலோசியம் நிலையத்தில் பி வழித்தட மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிலையம் பிராமிதே. அங்கிருந்து சில நிமிட நடையில் தெஸ்தாச்சோ பகுதி வந்துவிடும். 1888 முதல் 1891 வரை கட்டப்பட்டு 1975இல் மூடப்பட்ட ரோமின் பெரிய இறைச்சிக்கூடம் இங்கேதான் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் குடல், வால், ஈரல் போன்றவை கிடைத்தன. அவற்றை வைத்து அக்கம்பக்கத்துச் சிற்றுணவகங்கள் வளர்த்தெடுத்த சமையல்தான் இன்றைய ரோமின் அடையாளம். தக்காளியும் செலரித் தண்டும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டுவாலைச் சாப்பிட இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 2012இல் புதிய கட்டடத்துக்கு மாறிய தெஸ்தாச்சோ சந்தையில் காய்கறிக் கடைகளுக்கு நடுவிலேயே சமைத்துத் தரும் சிறு கடைகள் உண்டு. பிற்பகலில் மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

திராஸ்தேவெரே பகுதியையும் பலர் பரிந்துரைப்பார்கள். அங்கே நல்ல கடைகள் இல்லாமல் இல்லை, ஆனால் இப்போது சுற்றுலாக் கூட்டம் அதிகமாகிவிட்டதால் புதியவருக்குப் பிரித்தறிவது கடினம். மற்ற நகரங்களில் லிஸ்பனுக்குக் காம்போ த ஓரீக், மாட்ரிட்டுக்குச் சாம்பெரி, பாரிஸுக்குப் பதினொன்றாம், இருபதாம் வட்டாரங்கள், வியன்னாவுக்கு ஓட்டாக்ரிங் என்று தொடங்கலாம்.

படி 3: வரைபடத்தில் ஊர்மொழியில் தேடுங்கள்

கூகுள் மேப்ஸில் ஆங்கிலத்தில் தேடினால் ஆங்கிலம் பேசுவோர் போன கடைகளே மேலே வரும். பகுதியின் பெயரோடு, சிற்றுணவகத்தைக் குறிக்கும் ஊர்ச்சொல்லை, ரோமில் த்ரத்தோரியா (trattoria), லிஸ்பனில் தாஸ்கா (tasca), வியன்னாவில் பைஸ்ல் (Beisl), பாரிஸில் பிஸ்ட்ரோ (bistrot) என்று அந்தந்த மொழியின் எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். பிறகு விமர்சனங்களை 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி, உள்ளூர் மொழியில் எழுதியவற்றை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள். 'வாழ்க்கையில் சாப்பிட்ட மிகச் சிறந்த பாஸ்டா' என்ற ஒருவரிப் புகழ்ச்சியால் பயன் எதுவும் இல்லை. 'மாட்டுவால் அருமை, ஆனால் சேவை மெதுவு, விலையும் கொஞ்சம் ஏறிவிட்டது' என்று குறைபட்டுக்கொள்பவர் அங்கே திரும்பத் திரும்பப் போகிறவர். ஆகவே 4.8 மதிப்பெண்ணும் வெளிநாட்டார் பாராட்டும் உள்ள கடையைவிட, உள்ளூர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் 4.2 மதிப்பெண் கடையையே நான் தேர்வு செய்வேன்.

கதவில் ஒட்டியிருக்கும் சின்னங்களில் இரண்டை நம்பலாம். ஒன்று, ஸ்லோ ஃபுட் இயக்கத்தின் நத்தைச் சின்னம். 1986இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டுகள் அருகே மெக்டொனால்ட்ஸ் திறக்கப்பட்டதை எதிர்த்த போராட்டத்தோடு தொடர்புடையது அந்த இயக்கம். மற்றது, அளவான விலையில் நல்ல சாப்பாட்டுக்கு மிஷெலின் உணவக வழிகாட்டி தரும் பிப் கூர்மான். பாரிஸில், பட்டியலில் உணவின் பக்கத்தில் கூரை போட்ட வாணலி போன்ற படம் இருந்தால், அந்த உணவு மூலப்பொருளிலிருந்து அந்தக் கடையிலேயே சமைத்தது என்று பொருள். 2014 முதல் சட்டப்படி நடைமுறையில் உள்ள குறியீடு அது.

படி 4: ஊரின் கடிகாரத்தைப் பின்பற்றுங்கள்

பலர் நல்ல கடையைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தவறான நேரத்தில் போய், பூட்டிய கதவைப் பார்த்துப் பசியோடு சதுக்கத்துக் கடைக்கே திரும்புகிறார்கள். நம் ஊரில் மாலை நான்கு மணிக்கு இலைச் சாப்பாடு கேட்டால் என்ன பதில் கிடைக்குமோ அதேதான் ரோமிலும் கிடைக்கும். அங்கே மதியச் சாப்பாடு பன்னிரண்டரை முதல் ஏறத்தாழ மூன்று வரை. மாலையில் ஏழரைக்குக் கதவு திறந்தாலும் உள்ளூர்க்காரர் எட்டரைக்குத்தான் வருவார்கள். மாட்ரிட்டில் மதியம் இரண்டு முதல் நான்கு, இரவு ஒன்பதுக்கு மேல். பாரிஸில் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, அதற்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும். வியன்னாவில் எல்லாமே சற்று முன்னதாக நடக்கும்.

செலவைக் குறைக்க விரும்புவோர் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 1960களில் ஸ்பெயின் அரசின் விதியால் பரவிய மெனு டெல் தியா, முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, பானம், இனிப்பு ஆகியவற்றை ஒரே விலையில் தருகிறது. அலுவலக ஊழியர்கள் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். பாரிஸின் கரும்பலகையில் எழுதிய அன்றைய உணவும் லிஸ்பனின் பிராத்தோ தோ தியாவும் அதே வகை. ஞாயிறு இரவும் திங்களும் பல சிறு கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டில், குறிப்பாக 15ஆம் தேதியை ஒட்டி, ரோமிலும் பாரிஸிலும் குடும்பக் கடைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ரோமில் வெள்ளி, சனி இரவுகளுக்குத் தொலைபேசியில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

படி 5: வாசலில் நின்று பட்டியலைப் படியுங்கள்

ஐரோப்பாவில் உணவுப் பட்டியலைப் பெரும்பாலும் வாசலிலேயே மாட்டியிருப்பார்கள். கையில் உள்ள தாளோடு ஒப்பிட்டு இரண்டு நிமிடம் படிப்பதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. நல்ல பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கும். தொடக்க உணவு ஐந்து, பாஸ்டா ஆறு, இறைச்சி ஐந்து, காய் மூன்று என்ற அளவில் இருக்கும். சில வேளை தீர்ந்துபோன உணவைப் பேனாவால் அடித்திருப்பார்கள், அந்தக் கோடு நல்ல அறிகுறி. இத்தாலியில் இன்னொன்றையும் பாருங்கள்: உணவின் பெயருக்குப் பக்கத்தில் சிறு நட்சத்திரக் குறி இருந்து, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் விளக்கம் இருந்தால், அது உறையவைத்த பொருள் என்று கடைக்காரரே ஒப்புக்கொள்கிறார். மீனுக்கு ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. பட்டியல் முழுவதும் நட்சத்திரம் பூத்திருந்தால் வேறு கடை பாருங்கள்.

மீன் விலையின் பக்கத்தில் 'எட்டோ' (etto) என்று இருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. எட்டு யூரோ என்று எண்ணி எழுநூறு கிராம் மீனைச் சொல்லிவிட்டால் ரசீதில் ஐம்பத்தாறு யூரோ நிற்கும். முழு மீனை நிறுத்துக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். வியன்னாவில், ரொட்டித்தூள் பூசிப் பொரித்த இறைச்சிக்கு வீனர் ஷ்னிட்ஸல் என்று மட்டும் எழுதியிருந்தால் கன்றிறைச்சியாக இருக்க வேண்டும். பன்றியானால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

படி 6: மேசையில் கேட்காமல் வருவதைக் கவனியுங்கள்

லிஸ்பனில் உட்கார்ந்தவுடன் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வந்துவிடும். தொட்டால் காசு, வேண்டாம் என்றால் எடுத்துப் போகச் சொல்லலாம், தொடாததற்குக் காசு கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இத்தாலியில் கோபெர்த்தோ என்ற மேசைக் கட்டணம் பல ஊர்களில் சாதாரணம். ரோம் அடங்கிய லாத்சியோ மாநிலத்தில் 2006 முதல் அதற்குத் தடை உண்டு, ஆனால் ரொட்டிக்குத் தனியாக வாங்கலாம் என்பதால் ரசீதில் அப்படி ஒரு வரி வந்தால் வியப்படைய வேண்டாம். பாரிஸில் ரொட்டியும் குழாய்நீர்க் குடுவையும் இலவசம், சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கும். வியன்னாவில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை சேர்த்து முழு எண்ணாகக் கொடுப்பது வழக்கம். ரோமில் காப்பியை நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும்; சதுக்கத்தில் உட்கார்ந்தால் பல மடங்காகும். பல காப்பிக் கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, அந்தச் சீட்டை மேடையில் காட்ட வேண்டும்.

படி 7: அசைவம் தவிர்ப்போர் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

காச்சோ எ பெப்பேயில் இறைச்சி இல்லை என்று நம்பி அதையே எங்கும் கேட்கும் சைவர்கள், பெக்கோரினோ ரோமானோவை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்க்கிறார்கள் என்பதை அறிந்து முடிவு செய்ய வேண்டும். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குக் கன்றினுடையது. இது உறுத்துமானால் தக்காளிப் பாஸ்டாவைப் பாலாடைக்கட்டி தூவாமல் கேளுங்கள், அல்லது தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும் உள்ள மரினாரா பீட்சாவை எடுங்கள். குளிர்காலத்துப் புந்தாரெல்லே கீரைச் சாலட்டில் நெத்திலி இருக்கும். லிஸ்பனின் கீரைச் சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். பாரிஸின் வெங்காயச் சூப்பு பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் ஆனது. பன்றியைத் தவிர்ப்போருக்கு ரோமின் நான்கு பாஸ்டாக்களில் முதலாவது மட்டுமே ஆகும். ஒவ்வாமை இருப்போர் தயங்காமல் கேட்கலாம். 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றிய உணவகங்கள் பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருள்கள் குறித்த தகவலைத் தரக் கடமைப்பட்டவை.

படி 8: இடம் கிடைக்காத நாளுக்கு ஒரு மாற்று

பாரிஸில் அது ரொட்டிக் கடை. வளாகத்திலேயே மாவு பிசைந்து சுடும் கடைக்கு மட்டுமே 'பூலாஞ்சரி' என்ற பெயர்ப்பலகை வைக்கும் உரிமை உண்டு. நகரத்தின் சிறந்த பாகெத் (நீள ரொட்டி) பரிசை 2023இல் வென்றவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா. அவருடைய கடை இருபதாம் வட்டாரத்தில் இருக்கிறது. லா ஷப்பெல் பகுதியின் தமிழ்க் கடைகளில் கொத்து ரொட்டி சாப்பிடுவதை 'ஊர்ச் சாப்பாட்டைத் தேடி ஓடுவது' என்று கேலி செய்வோர் உண்டு. பல ஆண்டுகளாகப் பாரிஸ்காரர் சாப்பிடும் உணவாகவே அதையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

ரோமில் மாற்று, நிறுத்து விற்கும் பீட்சா. நீளத் தட்டிலிருந்து எவ்வளவு வேண்டும் என்று கையால் அகலத்தைக் காட்டினால், கடைக்காரர் கத்தரிக்கோலாலோ கத்தியாலோ வெட்டித் தராசில் வைப்பார். விலைப்பலகையில் இருப்பது பொதுவாகக் கிலோவுக்கான அல்லது நூறு கிராமுக்கான விலை. உருளைக்கிழங்குச் சீவல் போட்டது ஒரு துண்டும் வெறும் தக்காளி தடவியது ஒரு துண்டும் எடுத்து, சூடாக்கித் தரச் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் வாங்க வேண்டாம். 1874 முதல் ரோமின் தெருக்களில் நிற்கும் இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.