நாணலில் தேடாதீர்கள்: பிளைத் நாணல் கதிர்க்குருவி பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரில் நாணல் இருக்கிறதே என்று ஏரிக்கரையில் போய் நிற்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இந்தக் குருவிக்கு வேலியும் புதரும்தான் வீடு. அறிவியல் பெயரில் வரும் 'டுமெட்டோரம்' என்ற சொல்லுக்கே புதர்களுக்குரியது என்றுதான் பொருள். 1849இல் அந்தப் பெயரை வைத்த எட்வர்ட் பிளைத், கொல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். கிளுவை வேலி, உன்னிப் புதர், தோட்டத்தின் கவனிக்கப்படாத மூலை, இங்கெல்லாம் தேடுங்கள்.

அப்புறம், கண்ணை நம்பிக் காதை மறப்பது. புதருக்குள் இரண்டு கூழாங்கற்களை மெல்லத் தட்டியதுபோல 'டக்... டக்' என்று கேட்கும். சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். முதலில் ஓர் இலை ஆடும். பிறகு நீண்ட அலகு, சரிந்த நெற்றி, கண்ணுக்கு முன்னால் சற்றுப் பருத்துப் பின்னால் சீக்கிரமே மங்கிவிடும் வெளிர்ப் புருவக்கோடு. அவ்வளவுதான் காட்டும், மறுபடி உள்ளே போய்விடும். கிளையை விலக்கியோ கல்லெறிந்தோ வெளியே வரவைக்கப் பார்க்காதீர்கள்.

நிறத்தை வைத்து முடிவுகட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரே பறவை நிழலில் ஆலிவ் சாயலாகவும் வெயிலில் வெறும் பழுப்பாகவும் தெரியும். வெளிர்ப் புருவக்கோடு கண்ணைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தால் அது வயல் கதிர்க்குருவியாக இருக்கலாம். மேலே பச்சை சாயலும் இறக்கையில் மெல்லிய வெளிர்க்கோடும் இருந்து, மரத்தின் உச்சியில் திரிந்தால் இலைக் கதிர்க்குருவிகளில் ஒன்று. தலையுச்சி செம்பழுப்பாக, வாலைத் தூக்கி வைத்திருந்தால் தையல்சிட்டு. இத்தனை பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? சரி, 'கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை' என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். தப்பான பெயரைவிட அந்தப் பதிவு எவ்வளவோ மேல்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். பின்லாந்தின் காடோரங்களிலிருந்து ரஷ்யா, மத்திய ஆசியா வரை கூடு கட்டும் இந்தப் பறவை, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தைக் கழிக்க மட்டுமே வருகிறது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வரத் தொடங்கி ஏப்ரல், மே வாக்கில் திரும்பிவிடும். ஆகவே ஜூன் மாதத்து வேலியில் இலைகளைத் தைத்த கூட்டைப் பார்த்து இதன் கூடு என்று சொல்லிவிடக் கூடாது. அது தையல்சிட்டின் வேலை.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சுமார் 10 முதல் 12 கிராம் எடையுள்ள உயிர் அது. குளிர்காலத்திலும் தனக்கென ஒரு புதர்ப் பகுதியை வைத்துக்கொண்டு காவல் காக்கும். போலி எதிரியைத் துரத்தச் செலவாகும் நேரம், பூச்சி பிடிக்க வேண்டிய நேரம். ஏப்ரல் வரை பொறுத்திருந்தால், கிளம்பும் முன் புதருக்குள்ளிருந்து அதுவாகவே பாடுவதைக் கேட்கலாம். ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் கோத்துப் பாடும்.

கடைசியாக ஒன்று. வேலியைச் 'சுத்தம்' செய்வதாக இருந்தால், அவை இங்கே இருக்கும் மாதங்களில் அடியோடு வெட்டாதீர்கள். ஒரு பக்கத்தையாவது அடர்த்தியாக விட்டுவையுங்கள். ஒழுங்கற்றதாக நமக்குத் தெரியும் அந்தப் புதரில்தான் அதற்கு இரையும் மறைவும் இருக்கின்றன.