ட்ரைலோபைட் பொறுக்கப் போறீங்களா? உட்டா வீலர் ஷேல்ல எப்படித் தேடுறது, கிடைச்சது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது

அமெரிக்காவுல இருக்கற நாம லாங் வீக்கெண்ட் வந்தா ஸையான், பிரைஸ் கேன்யன் நேஷனல் பார்க்குன்னு எல்லாரும் உட்டாவுக்குக் கிளம்பிடுறோம், அதே உட்டாலதான் டெல்டான்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, அங்கேருந்து மேற்கால ஒரு 80 கிலோமீட்டர் போனா ஹவுஸ் ரேஞ்ச் மலை, அந்த அடிவாரம் பூரா 50 கோடி வருஷத்துக்கு முந்தின கடல் சேறு கல்லா இறுகிக் கெடக்கு. அந்தக் கல்லுக்குப் பேரு வீலர் ஷேல். சாம்பல் கலர் பலகைக்குள்ள கறுப்பா ட்ரைலோபைட், எடுக்க எடுக்க வந்துகிட்டே இருக்கும். முதல் தடவ நான் முழுசா இருந்ததை மட்டும் எடுத்துட்டு உடைஞ்சதையெல்லாம் அங்கயே வீசிட்டு வந்தேன், இன்னிக்கு நினைச்சாலும் வயித்தெரிச்சலா இருக்கு, காரணம் கீழ வருது.

இறால், நண்டு, தேள், பூரான் எல்லாம் சேர்ந்த கணுக்காலி கூட்டத்துல ரொம்பப் பழைய கிளை இந்த ட்ரைலோபைட், கடல்ல வாழ்ந்த பிராணி. சுமார் 52 கோடி வருஷத்துக்கு முன்னாடி வந்து, 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி பெர்மியன் காலம் முடியறப்ப மிச்சமில்லாம அழிஞ்சு போச்சு. அதனாலதான் நம்ம அரியலூர்ல என்னதான் தேடினாலும் இது கிடைக்காது, அந்தப் பாறை கிரிடேஷியஸ், அதாவது இது அழிஞ்சு ரொம்ப காலத்துக்கு அப்புறம் வந்தது, அங்க அம்மோனைட்னு சுருள் ஓட்டு கடல் பிராணி கிடைக்கும். இந்தியாவுல பாக்கணும்னா ஸ்பிதி, காஷ்மீர் பக்கம் கேம்ப்ரியன் பாறைக்குத்தான், அதாவது ட்ரைலோபைட் வாழ்ந்த காலத்துப் பாறைக்குத்தான் போகணும்.

போறதுக்கு முன்னாடி அது யாரோட நிலம்னு பாத்துக்கோங்க. காசு கட்டி தோண்டுற தனியார் குவாரி இருக்கு, குளிர்காலத்துல மூடியிருக்கும், அதனால முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க. பி.எல்.எம்-னு சொல்ற மத்திய அரசு பொது நிலத்துல முதுகெலும்பு இல்லாத சாதாரண ஃபாசில்களை சொந்தத்துக்கு அளவா எடுத்துக்கலாம், பர்மிட் வேண்டாம், ஆனா கைக்கருவி மட்டும்தான், விக்கறது கூடாது. மாநிலத்தோட டிரஸ்ட் நிலம், அடுத்தவங்க குத்தகைக்கு எடுத்த இடம் எல்லாம் வேற கணக்கு. அனுமதி சரியாத் தெரியலன்னா கை வைக்காதீங்க.

கடைசில கொஞ்ச தூரம் சரளை ரோடு, பெட்ரோல் பங்க் கிடையாது, நிழல் கிடையாது, போன் சிக்னலை நம்பாதீங்க. தண்ணி டெல்டாலயே ஏத்திக்கோங்க. பலகைக் கல்லைப் புரட்டும்போது விரலை அடியில விட்டுத் தூக்காதீங்க, அந்தப் பக்கம் ரேட்டில்ஸ்நேக்னு விஷப் பாம்பு உண்டு, சுத்தியலால நெம்பிட்டு அப்புறம் கை வைங்க. கண்ணுக்கு சேஃப்டி கண்ணாடி கட்டாயம், ஷேல் சில்லு பிளேடு மாதிரி பறக்கும். மத்தபடி ஒரு சுத்தியல், அகலமான உளி ஒண்ணு, சின்ன உளி ஒண்ணு, கையுறை, டாய்லெட் பேப்பர் ரோல், மார்க்கர் பேனா, பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ், அவ்வளவு போதும்.

கல்லை மேலேருந்து அடிச்சா நொறுங்கும். பலகையை செங்குத்தா நிமித்தி வச்சு ஓரத்துல அடுக்கு கோடு தெரியும் பாருங்க, அந்தக் கோட்டுல உளியை வச்சு லேசாத் தட்டிகிட்டே வாங்க, பழைய புத்தகத்துல ஒட்டிப்போன பக்கம் பிரியற மாதிரி தானா விட்டுக்கொடுக்கும். பிரிஞ்சதும் ரெண்டு பக்கமும் பாக்கணும், ஒண்ணுல மேடு இருந்தா இன்னொண்ணுல அதோட அச்சு இருக்கும், ரெண்டையும் சேத்து வைங்க. வெயில் உச்சில இருக்கும்போது எதுவும் தெரியாது, காலையிலயோ சாயங்காலமோ சாய்ஞ்ச வெளிச்சத்துல பலகையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா வரிவரியா எழும்பும். உடைச்சு குவிச்ச குப்பையையும் கிளறுங்க, ஏன்னா இங்க நிறைய ட்ரைலோபைட்டோட ஓட்டுக்கு அடியில கால்சைட்ங்கற சுண்ணாம்புக் கனிமம் தடிமனா வளந்திருக்கும், அதனால கல்லை விட்டுத் தனியா பட்டன் மாதிரி கழண்டு விழுந்திருக்கும். பாதி மூடியிருந்தா அங்கயே முழுசா எடுக்கணும்னு ஆசைப்படாதீங்க, அப்படியே டாய்லெட் பேப்பர்ல சுத்தி வீட்டுக்குக் கொண்டாங்க.

இப்ப அடையாளம். தலை, உடம்பு, வால்னு மூணு பாகம் இருக்கறதால ட்ரைலோபைட்னு பேருன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது இல்ல, நீளவாக்குல நடுவுல ஒரு மேடும் ரெண்டு பக்கமும் ரெண்டு சரிவுமா மூணா இருக்கே, அதுக்குத்தான் பேர். அந்த மூணு இருக்கான்னு முதல்ல பாருங்க. அடுத்து தலைக்கும் வாலுக்கும் நடுவுல இருக்கற கணுவை எண்ணுங்க. அப்புறம் வால் எவ்வளவு பெருசுன்னு தலையோட ஒப்பிடுங்க. இந்த ரெண்டு கேள்வியிலயே வீலர் ஷேல்ல முக்கால்வாசி முடிஞ்சிடும்.

கணு 13, வால் சின்னதா அகலமா, மொத்த உருவம் முட்டை மாதிரி பின்னாடி குறுகினா எல்ராத்தியா கிங்கி, உங்க பையில பெரும்பாலும் இதுதான் இருக்கும். யூட் பழங்குடி மக்கள் இதைத் தாயத்தா போட்டிருக்காங்க. வால் கிட்டத்தட்ட தலை அளவு பெருசா, ஓரம் தட்டையா இருந்தா அசாஃபிஸ்கஸ் வீலரி. கொள்ளு சைஸ்ல, கண்ணே இல்லாம, தலை எது வால் எதுன்னு குழப்பற மாதிரி ரெண்டும் ஒரே அளவுல நடுவுல வெறும் 2 கணு இருந்தா அது அக்னோஸ்டிட், பெரும்பாலும் பெரோனாப்சிஸ் வகை. இதை எங்க வீட்டுல முதல்ல கண்டுபிடிச்சது பொண்ணுதான், எனக்கு அது மண்ணு மாதிரிதான் தெரிஞ்சுது. (அக்னோஸ்டிட் ட்ரைலோபைட்தானாங்கற விவாதம் ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் முடியல.) வால் ஓரத்துல முள் முள்ளா இருந்தா உட்காந்து நிதானமாப் பாருங்க, ஒலினாய்டஸா இருக்கலாம், அது அபூர்வம். குட்டியா இருக்கறதுல கணு 13-க்குக் கம்மியா வந்தா உடனே வேற இனம்னு முடிவு கட்டாதீங்க, சின்ன வயசுல ஓடு கழட்டக் கழட்ட கணு கூடிகிட்டே வளர்ற பிராணி இது.

நான் வீசின உடைசல் விஷயம் இதுதான். நண்டு மாதிரி இதுவும் ஓட்டைக் கழட்டும், தலையில ரெண்டு கன்னமும் ஒரு தையல் கோட்டுல பிரிஞ்சு தனியா விழும், நடுத்துண்டுக்கு கிரானிடியம்னு பேர். கன்னம் ரெண்டும் இல்லாம கிடைக்கறது பெரும்பாலும் உடைஞ்சது இல்ல, கழட்டிப் போட்ட சட்டை. தனியா ஒரு கிரானிடியம், தனியா ஒரு வால், தனியா ஒரு கன்னம்னு வரிசையா வச்சு முழுசோட ஒப்பிட்டுப் பாத்தாதான் கண்ணு பழகும், அடுத்த தடவை வெறும் வால் துண்டைப் பாத்தே பேர் சொல்லலாம். அதனால அந்தத் துண்டுகள்லயும் நல்லதா கொஞ்சம் எடுத்துக்கோங்க.

வீட்டுக்கு வந்ததும் காஞ்ச டூத்பிரஷ், அப்புறம் லென்ஸை வச்சுகிட்டு ஊசி, அவசரமே வேண்டாம். வினிகரோ ஆசிடோ தொடவே கூடாது, ஓடு கால்சைட், கல்லுக்கு முன்னாடி அதுதான் கரைஞ்சு போகும். விரிசல் விட்டா சூப்பர் குளூ ஒரு சொட்டு, ஆனா ஃபாசில் மேல படாம.

எல்லாத்தையும் விட முக்கியம் லேபிள், அதை ஸ்பாட்லயே எழுதணும், ராத்திரி ரூம்ல எழுதிக்கலாம்னு விட்டா எது எந்தக் குழியிலேருந்து வந்ததுன்னு கலந்துடும். வீலர் ஷேல், ஹவுஸ் ரேஞ்ச், மில்லர்ட் கவுண்டி, உட்டா, ஜி.பி.எஸ் எண், தேதி, எடுத்தவங்க பேர். இனத்தோட பேர் மட்டும் பென்சில்ல எழுதுங்க, கணுவைத் திரும்ப எண்ணும்போது மாத்த வேண்டி வரும்.