சிறு நாய்க்கு முழங்கால் அறுவை சிகிச்சை: வீட்டில் நாம் செய்ய வேண்டியவை, படிப்படியாக

எங்கள் குட்டன் மூன்றரைக் கிலோ எடையுள்ள பொமரேனியன். நன்றாக ஓடிக்கொண்டிருப்பவன் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நான்கு எட்டு குதிப்பான். பிறகு காலை உதறிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் ஓடுவான். விளையாட்டு என்றே ஓராண்டு நினைத்திருந்தோம். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான், முட்டுச் சிரட்டை, அதாவது முழங்காலின் முன்னால் இருக்கும் சில்லு எலும்பு, அதன் பள்ளத்தைவிட்டு உள்பக்கமாக விலகுகிறது என்று தெரிந்தது.

சிறு இன நாய்களுக்கு இது அடிக்கடி வருகிறது. விலகலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலைக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. நொண்டல் விடாமல் தொடர்ந்தாலோ, நிலை முற்றியிருந்தாலோ அறுவை சிகிச்சை. சிரட்டை ஓடும் பள்ளத்தை ஆழமாக்குவார்கள். தசைநார் பிடித்திருக்கும் எலும்பு முனையை நகர்த்திக் கம்பியால் பொருத்துவதும் உண்டு. அது மருத்துவரின் வேலை. அதற்குப் பின் வரும் ஆறு முதல் எட்டு வாரம் முழுக்க நம் வேலை.

முதல் படி: வீட்டைத் தயார் செய்தல்

நாயைக் கொண்டுபோகும் முன்பே இதை முடித்துவிடுங்கள். டைல்ஸ் தரைதான் முதல் எதிரி. ஒரு வழுக்கல் போதும், தையலும் கம்பியும் ஆபத்தில். நம் குமரி மாவட்டத்தில் கயிற்று மிதியடிக்குப் பஞ்சமில்லை. கூண்டிலிருந்து வாசல்வரை இடைவெளி இல்லாமல் விரித்து, அடியில் ரப்பர் விரிப்பு வையுங்கள். கூண்டு, நாய் எழுந்து நின்று, திரும்பிப் படுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. காயம் நனையக் கூடாது என்பதால், கூரைக்கு அடியில் ஒரு தட்டில் மணல் நிரப்பிச் சிறுநீர் கழிக்க இடம் செய்துகொள்ளுங்கள்.

மயக்க மருந்துக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்று மருத்துவரிடமே கேளுங்கள். மிகச் சிறிய நாய்க்கு அந்தக் கணக்கு மாறும்.

இரண்டாம் படி: முதல் பதினான்கு நாள்

திரும்பும்போது இருசக்கர வாகனம் வேண்டவே வேண்டாம். காரின் பின் இருக்கையில், மெத்தை விரித்த பெட்டிக்குள் படுக்க வையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள், துணியில் சுற்றிய ஐஸை முழங்கால்மேல் பத்து நிமிடம் வைக்கலாம். வெறும் ஐஸ் தோலில் படக் கூடாது. நடக்க வைக்க எங்கள் பக்கத்துத் துவர்த்து போல உதவியது வேறில்லை. அந்த மெல்லிய துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரு முனைகளையும் மேலே பிடித்தால் பின்பக்கத்தின் பாரம் நம் கைக்கு வந்துவிடும். அப்படியே மணல் தட்டுவரை, அப்படியே திரும்ப.

காயத்தை நக்காமலிருக்க மாட்டும் கழுத்துக் கூம்பைத் தையல் பிரிக்கும்வரை கழற்றாதீர்கள். "பாவம், கொஞ்ச நேரம் கழற்றி விடேன்" என்று அம்மா இரவெல்லாம் கேட்டார்கள். ஐந்து நிமிட நக்கலில் தையல் பிரிந்துவிடும். சோற்றுக் கிண்ணத்தை ஒரு செங்கல்மேல் வைத்தால் கூம்போடே சாப்பிடும்.

வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். நம் மருந்துப் பெட்டியிலிருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபெனையோ தொடவே தொடாதீர்கள்; நாய்க்கு அது நஞ்சாகிவிடும்.

மூன்றாம் படி: கால் பயிற்சி

மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள். நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையால் தொடையையும் மறு கையால் கணுக்காலையும் பிடித்து, மெதுவாக மடக்கி மெதுவாக நீட்டுங்கள். குட்டன் வலித்தால் கத்த மாட்டான்; உதட்டை நக்குவான், தலையைத் திருப்பி என் கையைப் பார்ப்பான். அந்தப் பார்வை வந்ததும் நிறுத்திவிடுவேன்.

நான்காம் படி: மூன்றாம் வாரத்தைத் தாண்டுதல்

இதுதான் கடினம். வலி குறைந்துவிடும், எலும்பு கூடியிருக்காது. நாய்க்கு அது தெரியாது. பத்தொன்பதாம் நாள் மீன்காரரின் ஹாரன் கேட்டதும், கூண்டுக் கதவைச் சரியாக மூடாத என் தவறால், குட்டன் பாய்ந்து வாசற்படிக்குப் போய்விட்டான். அன்று மாலைவரை காலை ஊன்றவில்லை. எக்ஸ்ரேயில் கம்பி நகரவில்லை என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எனவே வெளியே எடுக்கும்போதெல்லாம் கயிறு, சோபா கட்டில் ஏற்றம் கிடையாது, படியில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஓட்டமில்லாததால் எடை ஏறும். சோற்றைக் குறையுங்கள், பக்கத்து வீட்டு அக்கா அன்பாகக் கொடுக்கும் மரச்சீனித் (மரவள்ளிக்கிழங்கு) துண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வீக்கம் கூடினாலோ, சீழ் வாடை வந்தாலோ, ஊன்றத் தொடங்கிய காலை மறுபடி தூக்கிக்கொண்டாலோ, தோலுக்கடியில் கம்பி முனைபோல் ஏதேனும் தட்டுப்பட்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஐந்தாம் படி: மறுபடி நடை

எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்த பிறகு ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடம் கூட்டுங்கள். நாங்கள் பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் ஓரமாக, வெயில் ஏறுமுன் போகிறோம். மற்றொரு காலிலும் இதே விலகல் வரலாம் என்பதால் குட்டனை முன்னே விட்டு, அவன் பின்னங்கால்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.