பழைய றேந்தையைப் பார்த்துப் புதிதாகப் பின்னுவது

பெட்டகத்தில் கிடக்கும் தலையணை உறையிலிருந்து றேந்தையை, அதாவது கொக்கி ஊசியால் கட்டம் கட்டமாகப் பின்னிய நூல் ஓரத்தை, பிரித்தெடுக்காதீர்கள். பழைய நூல் இழுபட்டால் அறுந்துவிடும். கறுப்புத் துணியை விரித்து, றேந்தையை அதன்மேல் வைத்து, மழைத்தண்ணீர் தெளித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் நேராகக் குத்திக் காயவிடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், நூல் விறைத்துவிடும்.

காய்ந்ததும் படம் எடுத்து, சதுரறூல் கொப்பியில் நூல் நிறைந்த கட்டத்தைக் கறுப்பாக்கி, வெறுங்கட்டத்தை விட்டுவிடுங்கள். பூ எங்கே திரும்ப வருகிறது என்று இரண்டு இடத்திலாவது எண்ணுங்கள். முன்பு பின்னியவரும் ஓரிடத்தில் பிழை விட்டிருக்கலாம். அதையும் சேர்த்து வரைந்தால் பூ முழுக்கக் கோணும்.

வெறுங்கட்டம் என்பது ஒரு ட்றெபிள் (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான பின்னல்), இரண்டு சங்கிலி (வளையத்துக்குள்ளால் நூலை இழுத்துப் போடும் கண்ணி). நிறைந்த கட்டத்தில் அந்த இரண்டு சங்கிலிக்குப் பதிலாக இரண்டு ட்றெபிள். முதல் வரி முழுவதும் நிறைந்ததென்றால், கட்டங்களை 3ஆல் பெருக்கி 3 கூட்டுங்கள்: 15 கட்டத்துக்கு 48 சங்கிலி. ஊசியிலிருந்து நாலாவது சங்கிலியில் முதல் ட்றெபிள். விட்ட மூன்று சங்கிலியை, அதாவது திருப்பும் சங்கிலியை, ஒரு ட்றெபிளாகச் சேர்த்து 46 ட்றெபிள் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் கடைசிக் கட்டம் மூடாது.

40ஆம் இலக்க நூல், 1 மில்லிமீற்றர் ஊசியோடு 10க்கு 10 கட்டம் பின்னி அளந்து பாருங்கள். உயரம் கூடினால் ரோசாப்பூ நீண்டு முட்டையாகிவிடும். ட்றெபிளின் முதல் இழுப்பைக் கட்டையாக்குங்கள். ஓரம் உள்ளே சரிந்து போனால், வரி முடிவில் திருப்பிய சங்கிலியின் தலையில் ட்றெபிள் போட மறந்திருக்கிறீர்கள். அந்த வரிவரை பிரியுங்கள்.