பாரிஸில் இறங்குங்கள், த்ருவாவில் தங்குங்கள்

வடசென்னையில் 'பாரிஸுக்குப் போய்ட்டு வரேன்' என்றால் அது பாரிமுனை. வெளியூர்க்காரர் பலர் அதோடு திரும்பிவிடுவார்கள். 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனையோ காசிமேட்டு மீன் ஏலத்தையோ பார்க்கவே மாட்டார்கள். ஐரோப்பா போகும் நம் ஆட்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். பாரிஸ், வெனிஸ், ரோம் என்று ஓடி, பாதி நேரத்தை வரிசையில் நின்றே கழிக்கிறார்கள்.

விமானம் பெரிய ஊருக்குத்தான் போகும், அதனால் அங்கே இறங்குங்கள். படுக்கையை மட்டும் அங்கிருந்து ரயிலில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பெரிய ஊரை ஒரு பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

ஊரைத் தேடுவதற்கு 'யாருக்கும் தெரியாத பத்து இடங்கள்' என்ற வகைப் பட்டியல்கள் உதவாது. அதில் வந்த பிறகு அது எப்படித் தெரியாத இடமாகும்? அந்த நாட்டு ரயில்வேயின் வரைபடத்தைத் திறந்து, நீங்கள் இறங்கும் ஊரிலிருந்து கிளம்பும் பாதைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மணிக்கு ஒரு வண்டியாவது நிற்கும் ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டின் யுனெஸ்கோ பட்டியலையும் பல்கலைக்கழக ஊர்களின் பெயர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நாலைந்து ஊர் மிஞ்சும். மாணவர்கள் இருக்கும் ஊரில் மலிவாகச் சாப்பிடலாம், ராத்திரி எட்டு மணிக்குத் தெரு அடங்கிப்போகாது. கடைசியாக, கூகுள் மேப்ஸில் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளின் விமர்சனங்களைப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளூர் மொழியில் இருந்தால் சரியான ஊர்தான்.

இப்படித் தேடினால் கிடைக்கும் ஊர்களில் சில. பாரிஸின் கார் த லெஸ்ட் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் த்ருவா. 1524 தீ விபத்துக்குப் பிறகு கட்டிய மரச்சட்ட வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸிலிருந்து அரை மணிக்குள் மெஹலன். அங்கே தேவாலயக் கோபுரம் ஏற 538 படி, முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே காபி குடிக்கலாம். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் குவென்கா, வீடுகள் பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் தூரம் பரவாயில்லை என்றால், வார்சாவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கோப்பர்நிகஸ் பிறந்த டோருன்.

ஸ்டேஷன் பெயரை நம்பி ஏமாறாதீர்கள். குவென்காவின் அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டும். டோருனில் 'குவோவ்னி' என்ற பெரிய ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பழைய ஊருக்குப் பக்கம் 'மியாஸ்தோ'. பெரம்பூருக்கும் பெரம்பலூருக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும், டிக்கெட் செயலிக்குத் தெரியாது. ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயரிலேயே ஜெர்மனியில் இரண்டு ஊர், ஒன்று மைன் ஆற்றங்கரையில், மற்றொன்று போலந்து எல்லையில். செயலியில் உள்ளூர்ப் பெயரைத் தேடுங்கள்: வெனிஸ் அங்கே வெனேத்சியா, வியன்னா அங்கே வீன்.

காசிமேட்டுக்காரர்கள் தவறவிடக் கூடாத ஊர் கியோஜ்ஜா, வெனிஸ் காயலின் தென்கோடி. வெனிஸின் பியாட்சாலே ரோமா பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல ஆகும். நேரமிருந்தால் லிடோ தீவிலிருந்து 11-ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். நடுவில் பஸ்ஸே படகில் ஏறி அடுத்த தீவான பெல்லெஸ்த்ரினாவில் இறங்கும். அந்தத் தீவின் கடைசியில் இறங்கிப் படகு மாறினால் கியோஜ்ஜா. ஊர் நடுவில் வேனா கால்வாய், அதன் கரையில் 1322-இல் கட்டிய தானியக் கிடங்கு, அதன் பின்னால் சிவப்புப் படுதாவுக்குக் கீழே மீன் சந்தை. நெத்தலி, மத்தி, மை வழியும் கடம்பா (கணவாய்) எல்லாம் பார்த்த முகங்களாகவே இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் தரையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை சந்தை கிடையாது. இங்கே தங்கிக்கொண்டு வெனிஸுக்குப் பகலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2024 முதல், கூட்டம் அதிகமுள்ள சில நாட்களில் வெனிஸுக்குள் நுழையவே கட்டணம். எந்தெந்த நாள் என்று நகராட்சித் தளத்தில் பார்த்துவிட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

சின்ன ஊர்ப் பயணம் கெடுவது பெரும்பாலும் கடைசி வண்டியால்தான். கும்மிடிப்பூண்டி லைனில் ராத்திரி வண்டியை விட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போகும் நேரத்தைப் பார்ப்பதற்கு முன் திரும்பும் வண்டியைப் பாருங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில். இத்தாலியில் 'ஃபெரியாலே' என்று போட்டிருந்தால் விடுமுறை நாள் என்று நினைத்துவிடாதீர்கள். திங்கள் முதல் சனி வரை என்று அர்த்தம், பக்கத்தில் குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் படம் இருக்கும். ஞாயிறும் பண்டிகை நாளும் 'ஃபெஸ்திவோ', அதற்குச் சிலுவைக் குறி. அந்த நாட்டு உள்ளூர் ரயிலுக்கு எடுத்த காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கும் அபராதம். உள்ளூர் ரயில் கட்டணம் முன்பதிவால் குறையாது. அதிவேக ரயிலுக்கு மட்டும் முன்கூட்டியே எடுங்கள்.

இத்தாலி, ஸ்பெயின் சின்ன ஊர்களில் மதியச் சாப்பாடு தாண்டினால் ராத்திரி வரை சமையலறை மூடியிருக்கும். ஆகஸ்ட் நடுவில் கடைக்காரரே கடற்கரைக்குப் போயிருப்பார்.

இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே ஷெங்கன் விசாதான். அதில் கணக்கு எளிது, ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. த்ருவாவில் நாலு ராத்திரி, கியோஜ்ஜாவில் ஐந்து என்றால் இறங்குவது பாரிஸாக இருந்தாலும் விண்ணப்பம் இத்தாலிக்கு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையத்துக்குத் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கிளம்ப 15 நாள்கூட இல்லாதபோது கொடுத்தால் தாமதம். இரண்டு மாதம் இருக்கும்போதே கொடுத்துவிடுவது நிம்மதி. கணக்கில் பணம் காட்டுவதற்காகப் போன வாரம் மச்சானிடம் வாங்கிப் போட்ட மொத்தத் தொகை, பாஸ்புக்கில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர் கேட்காமல் விட மாட்டார். பெயர் தெரியாத ஊர் என்பதால், எந்த ரயிலில் போய் எங்கே தங்குகிறீர்கள் என்பதை நாள்வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள்.

பெட்டி கட்டும்போது: பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லை, பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. சொந்த உபயோகத்துக்கான கருவாட்டுக்குத் தடையில்லை, பெட்டி வாசம் உங்கள் பாடு. நம் போன் சார்ஜரின் மெல்லிய உருண்டை இரட்டை முள் அங்கே பெரும்பாலான இடங்களில் நுழையும். மூன்று முள் பிளக்குக்குத்தான் அடாப்டர் வேண்டும், பர்மா பஜாரில் வாங்கிக்கொள்ளலாம். இத்தாலியில் பல சாக்கெட்டுகள் வேறு மாதிரி, ஜெர்மனிக்கான தடித்த அடாப்டர் அங்கே நுழையாது. சின்ன ஸ்டேஷன்களில் லாக்கர் இருக்காது, ஆகவே ஒரே கையால் தூக்கிப் படியேறக்கூடிய பெட்டியாகப் பாருங்கள். விமான நிலையத்துக்கு விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராகப் போகிறது, அந்தப் பெட்டியை அதில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தாலே எடை தெரிந்துவிடும்.

கார்டு தேய்க்கும்போது 'ரூபாயா, யூரோவா' என்று இயந்திரம் கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்த விலையில் மாற்றிக் கழித்துவிடுவார்கள்.