புரோகிரெசிவ் பிரஸ்ஸில் தோட்டா ரீலோட் செய்வது: கைப்பிடி பாதியில் நின்றால் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

வார இறுதிப் போட்டி ஒன்றுக்குப் போனால் 150 தோட்டா சாதாரணமாகச் செலவாகும், பயிற்சிக்கு அதைவிட அதிகம். சுட்டு முடித்த காலி உலோகக் கூட்டில், அதாவது கேஸில், தீப்பற்ற வைக்கும் பிரைமர், பவுடர் (வெடிமருந்து), முன்னால் பறந்து போகும் புல்லட் மூன்றையும் புதிதாகச் சேர்த்து மறுபடி முழுத் தோட்டாவாக்குவதுதான் ரீலோட். இவ்வளவையும் ஓர் இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் செய்தால், ஒரு கேஸை நாலு முறை கையில் எடுத்து நாலு முறை வைத்து, மணிக்கு ஐம்பதோ நூறோதான் தேறும். அதனால்தான் அமெரிக்காவில் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறவர்கள் சீக்கிரமே புரோகிரெசிவ் பிரஸ்ஸுக்கு வந்துவிடுகிறார்கள். ஷெல் பிளேட் என்ற வட்டத் தட்டு ராட்டினம் மாதிரி சுற்றும், அதில் நாலைந்து கேஸ்கள் உட்கார்ந்திருக்கும், கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லாக் கேஸுக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை நடக்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா தொட்டியில் விழும். நிதானமாக இழுத்தாலும் மணிக்கு 300, 400 வந்துவிடும்.

வேகம் மெஷின் தருவது. கேஸுக்குள் எட்டிப் பார்க்கிற வேலையை மட்டும் அது செய்யாது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசு உரிமம் தேவையில்லை, விற்பதை ஒரு தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும், மாநில விதிகள் தனி. ஆனால் எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அங்கே பொது விதி, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் பார்வையில் காலி கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே தோட்டா என்ற சொல்லுக்குள் அடங்கும். கிரீன் கார்டு நண்பர் வீட்டு பிரஸ்ஸில் விளையாட்டாகக் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும், ஊரில் இருந்து படிக்கிறவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வழியில்லை.

சரி, பிரஸ். நான் சொல்லப்போவது 9 எம்.எம். தோட்டாவையும், டில்லன் 550 மாதிரி நாலு ஸ்டேஷன் (தட்டில் ஒவ்வொரு வேலையும் நடக்கும் இடம்) உள்ள, தட்டைக் கையால் சுற்றுகிற பிரஸ்ஸையும் வைத்து. தட்டு தானாகச் சுற்றும் ஐந்து ஸ்டேஷன் பிரஸ்களும் இருக்கின்றன, அதே டில்லனின் 750, ஹார்னடியின் லாக்-என்-லோட் இரண்டும் அந்த வகை. எதை வாங்கினாலும் ஆட்டம் இல்லாத கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மேசை ஆடினால் பவுடர் அளவும் ஆடும்.

கேஸ்களைப் பிரிப்பதில் அவசரம் வேண்டாம், பின்னால் மெஷின் அடைத்துக்கொள்வதில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. சுடும் ரேஞ்சில் பொறுக்கிய குவியலில் .380 என்ற வேறு அளவுத் தோட்டாவின் கேஸ் கலந்திருக்கும், அது 9 எம்.எம். கேஸைவிட ஏறக்குறைய 2 மி.மீ. குட்டை, பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். 9 எம்.எம். கேஸுக்குள் .22 கேஸ் ஒன்று செருகிக்கொண்டிருக்கும், சின்னக் கல் இருக்கும். இரும்புக் கேஸைக் காந்தத்தால் பிடித்துவிடலாம். அலுமினியக் கேஸை ஒதுக்கிவிடுங்கள். அடியில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் அது நேட்டோ தரத்தில் செய்தது, பிரைமர் குழியின் விளிம்பை உள்பக்கமாக நசுக்கி வைத்திருப்பார்கள், அந்த நசுக்கலை எடுக்காமல் புதுப் பிரைமர் சரியாக ஏறாது. பிரித்த பிறகு வைப்ரேட்டரில் வால்நட் ஓட்டுத் தூள் போட்டுச் சுத்தம் செய்வதானால் அந்தத் தூசியில் ஈயம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சமையலறைப் பக்கமோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ அது வேண்டாம், வீட்டுக்கு வெளியே, மூடி போட்டு ஓட்டுங்கள்.

550-இல் முதல் ஸ்டேஷனில் பழைய பிரைமர் வெளியேறி கேஸ் பழைய அளவுக்குச் சுருங்கும், அதே இடத்தில் கைப்பிடியை முன்னால் தள்ளும்போது புதுப் பிரைமர் ஏறும். இரண்டாவதில் கேஸின் வாய் லேசாக விரிந்து பவுடர் விழும். மூன்றாவதில் நீங்கள் கையால் வைத்த புல்லட் உள்ளே இறங்கும், நான்காவதில் விரிந்த வாய் மறுபடி ஒடுங்கும், அதைத்தான் க்ரிம்ப் என்கிறோம். ஸ்டேஷன்களுக்கு மேலே திருகி வைக்கும் அச்சுகளுக்கு டை என்று பெயர், கைத்துப்பாக்கி டைகளில் கார்பைடு வளையம் உள்ளதை வாங்கினால் கேஸுக்கு எண்ணெய் பூச வேண்டியதில்லை. முதல் நாள் நாலையும் ஒன்றாக ஓட்ட ஆசைப்படாதீர்கள். ஒரே ஒரு கேஸை வைத்து, ஒவ்வொரு ஸ்டேஷனாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று வெளியே எடுத்துப் பாருங்கள். இருபது கேஸ் இப்படிச் செய்தால் எது சரியான அழுத்தம், எது மெஷின் முரண்டு பிடிக்கிற அழுத்தம் என்று கைக்கே தெரிந்துவிடும்.

பிரைமர் ஏறுவதைக் கை உணர வேண்டும். முதலில் ஒரு மெல்லிய தடை, அப்புறம் அடியில் போய் உட்காரும் ஒரு நிறுத்தம். இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் குழாயில் நூறு பிரைமர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கிறது, ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்க வாய்ப்பு உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிரஸ் முன்னால் உட்காரவே கூடாது. ஏறிய பிரைமர்மேல் விரலை ஓட்டினால் கேஸின் அடியைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் அந்தக் கேஸைத் தனியாக வையுங்கள். பாதி ஏறி நிற்கும் பிரைமரைக் கம்பி வைத்துக் குத்தி எடுக்கப் பார்ப்பது விபரீதம்.

பவுடர் எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன், வேறு யாராவது எழுதியதைப் பார்த்தும் போடாதீர்கள். ஹாட்ஜ்டன் மாதிரி பவுடர் நிறுவனங்களே சோதித்து வெளியிடும் அட்டவணை இருக்கிறது, உங்கள் புல்லட்டின் எடையும் வகையும், பவுடரின் பெயரும், தோட்டாவின் மொத்த நீளமும் அதில் உள்ளபடி பொருந்த வேண்டும், ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அளவு கிரெய்னில் இருக்கும், ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம், சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. பிரஸ்ஸின் பவுடர் தொட்டியில் பவுடர் ஊற்றியதும் முதல் பத்து அளவையும் அந்தத் தொட்டிக்கே திருப்பி ஊற்றுங்கள், உள்ளே பவுடர் படிந்து சீராக அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு பத்து அளவைச் சேர்த்து நிறுத்து பத்தால் வகுத்துப் பாருங்கள், தனித்தனியாகவும் இரண்டு மூன்றை நிறுத்துப் பாருங்கள். ஓட்ட ஆரம்பித்த பிறகும் ஐம்பதுக்கு ஒன்று நிறுத்துவது என் வழக்கம். பவுடரைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டவணையில் உள்ளவற்றுக்குள் கேஸைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான பவுடராக எடுங்கள். இரண்டு முறை விழுந்தால் அது வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சமாகவே தேவைப்படும் வேகமான பவுடரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இனி பாதியில் நிற்பது. புரோகிரெசிவ் பிரஸ் ஒரே தாளத்தில் ஓடும்வரை பெரிதாகத் தப்பு வராது. பிரைமர் தீர்ந்தது, கேஸ் சாய்ந்து மாட்டிக்கொண்டது, போன் அடித்தது, யாரோ கூப்பிட்டார்கள் என்று தாளம் அறுபடும் இடத்தில்தான் வருகிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பிடியை இழுத்து மேலே விட்டேன், தட்டைச் சுற்றுவதற்குள் மகள் கூப்பிட்டாள், போய் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து மறுபடி இழுத்தேன். அப்புறம் தட்டைச் சுற்றி, புல்லட் வைக்கக் குனிந்தபோது கேஸுக்குள் பவுடர் வாய் விளிம்பு வரை நிற்கிறது. சற்று முன் பார்த்த கேஸ்களில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. தட்டு நகராமலே இரண்டாவது முறை இழுத்ததால் ஒரே கேஸில் இரண்டு அளவு விழுந்திருந்தது. பிரஸ்ஸின் தலைக்கு அடியில் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன், அந்த வெளிச்சம் நேரே கேஸுக்குள் விழுந்ததால்தான் கண்ணில் பட்டது. பார்க்காமல் புல்லட்டை வைத்து மூடியிருந்தால் அந்தத் தோட்டா மற்ற நூறோடு பெட்டியில் கலந்திருக்கும், என் முகத்துக்கு முன்னால் துப்பாக்கி கிழிந்திருக்கும். அன்றைக்கு அதற்குமேல் நான் ஓட்டவில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரே விதிதான், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எந்தக் காரணத்துக்காகக் கைப்பிடி பாதியில் நின்றாலும், இரண்டாவது, மூன்றாவது ஸ்டேஷனில் உள்ள கேஸ்களை வெளியே எடுத்துப் பவுடரைத் தொட்டிக்குத் திருப்பி ஊற்றுங்கள், முதலிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கே விட்டோம் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு தொடர வேண்டாம். எழுந்து போக வேண்டியிருந்தால் ஒரு முழுச் சுற்று முடித்து, தட்டைச் சுற்றிவிட்டு எழுந்திருங்கள். தானாகச் சுற்றும் பிரஸ்ஸில் நான் சொன்ன மாதிரி இரட்டை விழுவது கடினம், ஆனால் அடைப்பை எடுக்கும்போது கேஸை எடுத்து மறுபடி வேறு இடத்தில் வைத்தால் பவுடரே இல்லாத கேஸ் நழுவிப் போய்விடும். அதில் கூடுதலாக இருக்கும் ஒரு ஸ்டேஷனில், பவுடர் விழும் இடத்துக்கு அடுத்து, பவுடர் மட்டம் தவறினால் சத்தம் போடும் பவுடர் செக் டை வைத்துக்கொள்ளலாம், நல்ல பொருள்தான். அது இருந்தாலும் புல்லட் வைக்கும் கை கேஸுக்கு மேலே போவதற்கு முன்னால் கண் உள்ளே போக வேண்டும். டிவி, பாட்டு, பேச்சுத் துணை எதுவும் வேண்டாம்.

தோட்டாவின் நீளத்தைக் கேலிப்பர் என்ற அளவுக் கருவியில் அளக்கும்போது ஒரு விஷயம்: எல்லா ஸ்டேஷனிலும் கேஸ் இருக்கும்போது தட்டின் மேல் வரும் அழுத்தம் வேறு, தனியாக ஒன்று இருக்கும்போது வேறு. அதனால் தட்டு நிரம்பியிருக்கும்போது வந்த தோட்டாவை வைத்துத்தான் டையைக் கடைசியாகச் சரிசெய்ய வேண்டும். 9 எம்.எம். தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மி.மீ. தாண்டக் கூடாது, உங்கள் புல்லட்டுக்கு அட்டவணை சொல்வது அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். ரொம்பக் குட்டையானாலும் ஆபத்து, சின்னக் கேஸில் இடம் குறைந்தால் அழுத்தம் எகிறிவிடும். முடிந்த தோட்டாவின் புல்லட் முனையை மேசை விளிம்பில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி மறுபடி அளந்து பாருங்கள், நீளம் குறைந்திருந்தால் புல்லட்டைக் கேஸ் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு துப்பாக்கியிலிருந்து குழலைக் கழற்றி, தோட்டாவை அதில் போடுங்கள். டக் என்று விழுந்து, விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்றி, கவிழ்த்தால் தானே கழன்று வர வேண்டும்.

முதலில் பத்தே பத்து செய்து சுட்டுப் பாருங்கள், முந்நூறு செய்துவிட்டு அல்ல. சுடும்போது ஒரு தோட்டா மட்டும் சத்தம் குறைந்து புஸ் என்று போனால் உடனே நிறுத்துங்கள், அடுத்ததைச் சுடாதீர்கள். பவுடர் இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்து புல்லட் குழலுக்குள் மாட்டியிருக்கும், அதன் பின்னால் இன்னொன்று போனால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் தொட்டியில் மிச்சமுள்ள பவுடரை அதன் சொந்த டப்பாவிலேயே ஊற்றி மூடுங்கள். தொட்டியில் விட்டுவிட்டு அடுத்த வாரம் வந்தால் அது எந்தப் பவுடர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அப்படிச் சந்தேகம் வந்த பவுடரைப் பயன்படுத்தவே கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா இருக்கட்டும். தோட்டாப் பெட்டியின் மேல் தேதி, பவுடர், கிரெய்ன், புல்லட், நீளம் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். பிரைமரையும் பவுடரையும் வெவ்வேறு இடத்தில், சூடும் ஈரமும் இல்லாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அப்புறம் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போங்கள்.